வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவர்களுக்கு

விரும்பிய பல்கலைக்கழகம் கிடைக்காதபோது முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, கைநழுவியது பாடநெறியா, பல்கலைக்கழகமா என்பதே. மொறட்டுவையில் பொறியியல் கிடைக்காத கிளிநொச்சி மாணவருக்கு அதே மாவட்டத்து அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிடைத்திருந்தால், அவர் இழந்தது ஊர்ப்பெயரை மட்டுமே. ‘வீட்டுக்குப் பக்கத்துக் கம்பஸ்’ என்று அதைக் குறைத்துப் பேசும் உறவினர், தென்னிலங்கைப் பிள்ளைகள் அங்கு வந்து தங்கிப் படிப்பதைக் கவனிப்பதில்லை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் தோற்றி, மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவன். எனக்குக் கைநழுவியது பாடநெறியே என்பதால், மீண்டும் தோற்றுவதா என்ற கேள்வி கடுமையாகவே எழுந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதத்தினரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தினரை மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதத்தினரைப் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் தெரிவுசெய்கிறது. வெட்டுப்புள்ளி முன்கூட்டியே குறித்துவைத்த தேர்ச்சிப் புள்ளி அன்று. அவ்வாண்டில் அந்த மாவட்டத்திலிருந்து கடைசியாகத் தெரிவானவரின் இஸட் புள்ளியே (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் தரப்படுத்திய புள்ளி) அது. இடங்கள் சிலவேயான எங்கள் மாவட்டத்தில், கெட்டிக்காரர் நாலைந்து பேர் ஒரே ஆண்டில் தோற்றினாலே அது ஏறிவிடக்கூடும். ஆகவே இவ்வாண்டுப் புள்ளியை மேசைக்கு மேலே ஒட்டிவைத்து, ‘இன்னும் இவ்வளவுதான் வேண்டும்’ என்று கணக்குப் பார்ப்பதில் பெரிய பொருள் இல்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் மூன்று தடவை தோற்றிய பெறுபேறுகள்தான் கணக்கில் வரும். மீண்டும் தோற்றுவதற்கு முன் பெறுபேற்றுத் தாளைப் பாடம் பாடமாகப் பார்க்க வேண்டும். இரண்டு பாடங்களில் ஏ இருந்து, இரசாயனவியல் மட்டும் சீயில் நின்றிருந்தால் அந்த ஓராண்டுக்கு வேலை இருக்கிறது. மூன்று பாடங்களும் பீயில் நின்றால், அடுத்த முறை எது மாறப்போகிறது என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் பஸ் ஏறி வவுனியாவில் ரியூசன் படித்தவர், அதே ஏற்பாட்டுடன் திரும்பவும் தோற்றினால் பெறுபேறும் பெரும்பாலும் அதே அளவில்தான் நிற்கும்.

உயிரியல் மாணவருக்கு மருத்துவத்துக்கு அப்பாலும் இடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவமும் தாதியியலும், அறிவியல்நகரில் விவசாயமும், 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானமும் இருக்கின்றன. நான் விவசாயத்தை ஏற்றேன். வயற்கரையில் வளர்ந்தவனுக்கு மண் பரிசோதனைக் கூடம் அந்நியமாகத் தெரியவில்லை.

பதிவு செய்துவிட்டுப் பிறகு வேறு பெறுபேற்றைக் கொண்டு மாறலாம் என்ற தெருக்கதையை நம்பாமல், அனுமதிக் கைந்நூலின் விதிகளை வாசித்த பின்னரே பதிவுசெய்ய வேண்டும். முதற் சுற்றில் வெற்றிடமாகும் இடங்களும் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய விருப்ப ஒழுங்கின்படியே நிரப்பப்படும் என்பதால், அந்த ஒழுங்கை ரியூசன் நண்பரின் தாளைப் பார்த்து எழுதக் கூடாது.

பல்கலைக்கழகமே கிடைக்காதவருக்கு, அறிவியல்நகரில் தொழிற்பயிற்சி தரும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும், வேலை செய்தபடி படிக்க இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் உள்ளன. ஆசிரியத் தொழிலில் நாட்டமுள்ளவர் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கான விண்ணப்பம் வர்த்தமானியில் கோரப்படுவதால், மறுபடி தோற்றுவோரும் அதைத் தவறவிடாமல் பார்த்து வரலாம்.