மெட்ரோ வேலையில் 40, 20, 10: சப்-காண்டிராக்டர் எங்கே சிக்குகிறார்?

லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோவின் கட்டுமான வேலையில் கால் வைக்கும் முன்பே மூன்று எண்கள் முன்னால் வந்து நிற்கும். 2012இல் மெட்ரோ வாரியம் ஏற்றுக்கொண்ட தொழிலாளர் ஒப்பந்தம் சொல்வது இது: மொத்த வேலை மணியில் 40% வருமானம் குறைந்த ஜிப் கோடுகளில் (அமெரிக்க பின்கோடு) குடியிருப்பவர்களுக்கு, 20% அப்ரண்டிஸ்களுக்கு (தொழில் பழகும் ஆட்கள்), 10% வேலை கிடைப்பதே கஷ்டமாக இருப்பவர்களுக்கு. மூன்றுமே மணிக் கணக்கு, தலைக் கணக்கு அல்ல. "பத்தில் நாலு பேர் நம்ம ஏரியா ஆளுங்க" என்று ஃபோர்மேன் திருப்திப்படுவார்; அந்த நாலு பேரும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார்கள் என்றால் எண் விழுந்துவிடும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது அப்ரண்டிஸ் கணக்கில்தான். கலிஃபோர்னியா சட்டப்படி ஜர்னிமேன் (பயிற்சி முடித்த தொழிலாளி) 5 மணி வேலை செய்தால் அப்ரண்டிஸ் 1 மணி செய்திருக்க வேண்டும். ஜர்னிமேன் 1,000 மணிக்கு 200 மணி. மாநிலத்துக்கு அது போதும். ஆனால் மொத்தம் 1,200இல் 200 என்பது 16.7%தான். மெட்ரோ கேட்பது மொத்தத்தில் 20%. அதற்கு 250 மணி வேண்டும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதும் சரி என்று நினைப்பவர்களே அதிகம்.

காகித வரிசை இப்படி. வேலை தொடங்கும் முன் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்ற சம்மதக் கடிதத்தில் ஒவ்வொரு சப்-காண்டிராக்டரும் கையெழுத்திட வேண்டும்; சப்புக்குக் கீழே உள்ள சப்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடுத்தது டிஏஎஸ் 140, ஒப்பந்தம் கிடைத்ததைத் தெரிவிக்கும் மாநிலப் படிவம். ஒப்பந்தம் போட்ட 10 நாளுக்குள், எப்படியும் ஆட்கள் இறங்கும் முதல் நாளுக்குள், அந்தத் தொழிலின் பயிற்சியை நடத்தும் அப்ரண்டிஸ் கமிட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்புறம் அப்ரண்டிஸ் அனுப்பச் சொல்லிக் கேட்கும் படிவம், டிஏஎஸ் 142: ஆள் தேவைப்படுவதற்கு 72 மணி நேரம் முன்னால், சனி, ஞாயிறு, விடுமுறை நீக்கி. திங்கட்கிழமை காலை ஆள் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை அனுப்பிப் பயனில்லை, புதன்கிழமையே போயிருக்க வேண்டும். போனில் கேட்டது எங்கும் நிற்காது. மின்னஞ்சலோ ஃபேக்ஸோ, அனுப்பிய அத்தாட்சியோடு ஃபைலில் இருக்கட்டும். ஆள் கிடைக்காமல் போனாலும் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

யூனியன் ஹாலுக்கு (தொழிற்சங்கம் வரிசைப்படி ஆட்களை வேலைக்கு அனுப்பும் அலுவலகம்) அனுப்பும் கோரிக்கையில் "லேபரர் 2" என்று மட்டும் எழுதினால் பட்டியலில் அடுத்த இரண்டு பேர் வருவார்கள். மூன்றில் எந்தப் பிரிவு ஆள் வேண்டும் என்பதைப் படிவத்திலேயே எழுதி, ஜாப்ஸ் கோஆர்டினேட்டருக்கும் (இந்தப் பிரிவு ஆட்களைத் தேடித் தருபவர்) ஒரு பிரதி அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஹால் ஆள் தராவிட்டால் வெளியே தேடலாம். எழுதிக் கேட்காதவருக்கு அந்த 48 மணியே தொடங்காது.

முகவரியில் ஒரு கண் வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் பழைய வீடு, ஆள் இப்போது இருப்பது வேறு ஜிப் கோடு என்பது வாரம் தவறாமல் வரும் சிக்கல். 10% பிரிவு இன்னும் நுணுக்கமானது: வீடில்லாதவர், சிறை சென்று வந்தவர், அரசு உதவி பெறுபவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர் எல்லாம் அதில் வருவார்கள். இதை ஃபோர்மேன் தளத்தில் நின்று கேட்கக் கூடாது. கோஆர்டினேட்டர் தனியாகச் சரிபார்க்கட்டும். பயிற்சி மணியில் 15% கூட முடிக்காத அப்ரண்டிஸும் இதே பிரிவுதான். அவர் குறிப்பிட்ட ஜிப் கோடில் குடியிருந்தால் ஒரே ஆளின் மணி மூன்று எண்ணிலும் ஏறும்.

பேரோலில் அப்ரண்டிஸ் சம்பளம் போடும் முன் அவர் மாநிலத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவில்லை என்றால் ஜர்னிமேன் சம்பளம் முழுவதையும் கொடுக்க வேண்டியதுதான்.

கடைசியில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். 10,000 மணி வேலையில் 6,000 மணி போனபின் அப்ரண்டிஸ் மணி 600 என்றால், மிச்சம் 4,000இல் 1,400 வேண்டும், அதாவது 35%. ஒரு ஜர்னிமேனுக்கு இத்தனை அப்ரண்டிஸ்தான் என்று யூனியன் ஒப்பந்தங்களில் வரம்பு உண்டு. அவ்வளவு பேரை ஹாலே அனுப்பாது.