நான்கு கவுன்சில், ஒரு புல்வெளி: காம்பஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 27, 2025, புதன்

புது உறுப்பினர்களைச் சேர்க்க, காலை பத்து மணிக்கே நூலகத்துக்கு முன்னால் மேஜை போட்டுவிட்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்களுடையது தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டி, அதாவது மாணவிகள் சங்கம். இந்தக் காம்பஸில் இருக்கும் எங்கள் கிளையில், அதாவது சாப்டரில், மொத்தமே 7 பேர். வகுப்புக்கு ஓடியவர்கள் போக எப்போதும் இரண்டு மூன்று பேர்தான் நின்றோம். எதிர்வரிசையில் 200 பேருக்கு மேல் இருக்கும் பெரிய சொராரிட்டி. அவர்களுடைய சேர்க்கை போன வாரமே முடிந்துவிட்டது. எந்தச் சங்கத்தில் இடம் என்று சொல்லும் உறையைப் பிரித்ததும் புதுப் பெண்கள் கத்திக்கொண்டே புல்வெளியில் ஓடிப்போய் சீனியர்களைக் கட்டிக்கொண்டதை மாடியிலிருந்து பார்த்தேன். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

எங்கள் மேஜைக்கு வந்தவர்கள் 19 பேர். பெயர் எழுதியவர்கள் 4 பேர். அதில் ஒருத்தி கேட்டாள்: "நீங்க எல்லா சங்கமும் 'கிரீக்'னு ஒரே பெயர்ல இயங்குறீங்க. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேசி நான் பார்த்ததே இல்லையே?" ராத்திரியாகியும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக: கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர் சங்கங்கள் இவை. ஆண்களுடையது ஃப்ரடெர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பை பீட்டா காப்பா தொடங்கியதிலிருந்து வரும் வழக்கம். எங்கள் காம்பஸில் அவை நான்கு கவுன்சில்களாக, அதாவது நான்கு கூட்டமைப்புகளாக, இருக்கின்றன. நான்கையும் சேர்த்து உட்காரவைக்கும் ஒற்றுமைக் குழுவுக்கு இந்த வருடம் நான் பொறுப்பு.

செப்டம்பர் 4, வியாழன்

முதல் கூட்டம். நான்கு கவுன்சில் ஆட்களும் அறையின் நான்கு மூலையில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன். போட்டார்கள், ஆனால் வட்டத்துக்குள்ளும் அதே நான்கு கூட்டம்.

பெரிய விழாவாக ஒன்று நடத்தலாம் என்றார் ஒருவர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்றைக்கு ஒரே நிற டீஷர்ட் போட்டுப் படம் எடுத்துக்கொள்வோம், மறுநாள் பழையபடி அவரவர் வழி. அதற்குப் பதிலாக, மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு சங்கமும் இன்னொரு கவுன்சிலின் நிகழ்ச்சிக்குப் போய் வேலை செய்யட்டும் என்றேன். வேடிக்கை பார்க்க இல்லை, வேலை செய்ய. நாற்காலி போடுவது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, முடிந்ததும் குப்பை அள்ளுவது.

அப்போது டிவைன் நைன் கவுன்சிலின் ஒரு மூத்த மாணவி கை தூக்கினார். டிவைன் நைன் என்பது கறுப்பின மாணவர்கள் உருவாக்கிய ஒன்பது சங்கங்கள். "ஒற்றுமைன்னு சொல்லி எங்க அடையாளத்தை எல்லாருக்கும் பொதுவாக்கிடுவீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது.

அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா பை ஆல்ஃபாவை ஏழு கறுப்பின மாணவர்கள் தொடங்கியபோது மற்ற சங்கங்களின் கதவு அவர்களுக்குச் சாத்தியிருந்தது. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1913இல் அங்கேயே டெல்டா சிக்மா தீட்டா. டெல்டா பெண்கள் சங்கம் தொடங்கிய இரண்டே மாதத்தில் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். 1930இல் இந்த ஒன்பதில் சில சங்கங்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு கவுன்சில் அமைத்துக்கொண்டன, மற்றவை பிறகு சேர்ந்தன. இப்படிப் பாடுபட்டுக் கட்டியதை இன்னொருவர் வந்து "எல்லாம் ஒன்றுதானே" என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எங்கள் கதையும் அந்த வரிசையில் வருவதுதான். தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டிகள் 1998இன் கடைசி மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன: ஆஸ்டினில் காப்பா பை காமா, ஹூஸ்டனில் டெல்டா பை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. கறுப்பினப் பெண்கள் தொண்ணூறு வருடம் முன்னால் பாதை போட்டிருக்காவிட்டால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்று நினைக்கிறேன். இதைக் கூட்டத்திலும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

செப்டம்பர் 13, சனி

இன்று தப்பு எங்கள் பக்கம். எங்களில் ஒருத்தி, டிவைன் நைன் சொராரிட்டி ஒன்றின் ஸ்ட்ரோலை, அதாவது அவர்கள் வரிசையாக ஆடிக்கொண்டே நடந்து வரும் நடையை, கை முத்திரை உட்பட அப்படியே ஆடி வீடியோ போட்டுவிட்டாள். அவளுக்கு அது ஒரு டான்ஸ். அவர்களுக்கு அது உறுப்பினர் ஆனபிறகு மட்டுமே கிடைக்கும் உரிமை.

மதியம் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். செய்தி அனுப்பி முடிக்கிற விஷயமில்லை இது. அவள் அழுதுவிட்டாள். அந்த மூத்த மாணவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆடத் தெரிஞ்சா மட்டும் போதாது, அது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியணும். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ஜிம்முக்கு வாங்க" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

போனோம், 7 பேரும். சங்கத்துக்கென்று இருக்கும் அசைவுகள் எதையும் அவர் சொல்லித்தரவில்லை. ஸ்டெப்பிங் என்ற பொதுவான அடிப்படையை மட்டும் சொல்லிக்கொடுத்தார். இசைக்கருவி கிடையாது. உடம்புதான் கருவி. வலது காலால் தரையை ஓங்கி மிதி, தொடையில் ஒரு தட்டு, மார்புக்கு நேராகக் கைதட்டு, முழங்காலைத் தூக்கி அதன் அடியில் இன்னொரு கைதட்டு. முழங்காலுக்கு அடியில் தட்டுவது சரியாக வர எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. உள்ளங்கை சிவந்து எரிந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸைத் தட்டி ஆடும் கம்பூட் ஆட்டத்துக்கும் இதற்கும் உறவு சொல்வார்கள்.

இடைவேளையில் நாங்கள் கும்மி தட்டிக் காட்டினோம். பாட்டி வீட்டு முற்றத்தில் கற்றது. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. அவர் உடனே வட்டத்துக்குள் வந்துவிட்டார். யார் தாளம் தப்பினாலும் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுக்கொண்டே ஆட வேண்டியிருக்கிறது. நான்கு கூட்டம் நடத்தியும் வராத நெருக்கம் அந்த இரண்டு மணி நேரத்தில் வந்தது.

அக்டோபர் 2, வியாழன்

அம்மாவிடம் இன்றுதான் விவரமாகச் சொன்னேன். "அங்கயும் ராகிங் இருக்காமே? பசங்க செத்துப்போறதா படிச்சேனே" என்றாள். சிதம்பரத்தில் 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டபோது அம்மா கல்லூரியில் இருந்தாள். மறு வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தப் பயம் அவளை இன்னும் விடவில்லை.

"இல்லம்மா" என்று மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. இருக்கிறது, இங்கே அதற்கு ஹேசிங் என்று பெயர், ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்றேன். 2024 டிசம்பரில் அமெரிக்கா முழுவதற்குமாக ஒரு சட்டம் வந்திருப்பதையும், எந்தச் சங்கம் விதியை மீறியது என்று கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதையும் சொன்னேன். எங்கள் சாப்டரில் யாரும் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்த மாட்டோம், அப்படி ஒன்று நடந்தால் முதலில் புகார் கொடுப்பது நானாக இருப்பேன் என்றும் சொன்னேன்.

பேச்சு வாக்கில், கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர் என்றேன். "யாரு, நம்ம மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்துப் பேத்தியா?" அதற்கப்புறம் அம்மாவே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

போனை வைத்தபிறகு ஒன்று உறைத்தது. மேஜைக்கு வந்து தயங்கிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பலருக்கும் அம்மாவின் பயம்தான் இருக்கும். நாங்கள் தொண்டு, தோழமை என்று பேசுகிறோம், இதைப் பேசுவதில்லை. அடுத்த கூட்டத்தில் நான்கு கவுன்சிலும் சேர்ந்து ஹேசிங் பற்றி ஒரே மேஜை போட வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பெரிய சொராரிட்டியிலிருந்து 12 பேர் வந்து விளக்கு வைத்தார்கள், கடைசிவரை இருந்து எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். அசதி. தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 25, சனி

புல்வெளியில் நான்கு கவுன்சிலும் ஆடின. அவரவர் நிறம், அவரவர் ஆட்டம். யாருடையதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் ஹேசிங் மேஜை: நான்கு கவுன்சிலிலிருந்தும் தலா ஒருவர், சங்கம் தெரியாத வெள்ளைச் சட்டையில். ஆட்டத்தைவிட அங்கேதான் முதல் வருடப் பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள். செப்டம்பரில் அழுதவள் இன்று முழுக்க ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று ஒயர் பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் 6, வியாழன்

எங்கள் அறிமுகக் கூட்டம். 11 பேர் வந்தார்கள். ஆகஸ்டில் மேஜைக்கு வந்து அந்தக் கேள்வி கேட்டவளும் வந்தாள். "இங்கே சேர்ந்தா மத்த சங்கத்துக்காரங்களோட பழகலாமா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. அந்த டிவைன் நைன் மூத்த மாணவி. நாற்காலி அடுக்க வந்தவர், முடியும்வரை உட்கார்ந்துவிட்டார். "இவங்களுக்குக் கும்மி ஆள் பத்தலைன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க" என்றார்.

செவ்வாய் மாலை அவர்களுடைய கூட்டம். தண்ணீர் பாட்டில் தூக்க ஆள் வேண்டுமாம். நாங்கள் 7 பேரும் போகிறோம்.