பிஸ்கட் பேணியில் கிடந்த கூத்து

எங்கள் வீட்டில் டிவிடி என்று யாரும் சொல்வதில்லை. விசிடி, டிவிடி, பாட்டு இறுவட்டு எல்லாமே அம்மாவுக்குச் ‘சீடி’தான். அந்தச் சீடிகள் அலுமாரிக்கு மேலே ஒரு பெரிய பிஸ்கட் பேணிக்குள் கிடந்தன. சென்ற வைகாசியில், கண்ணகி அம்மன் சடங்குக்காக வீடு கழுவியபோது பேணியை இறக்கினோம். மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே 61 இறுவட்டுகள், பாதிக்கு உறைகூட இல்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்பா ஆடிய கூத்து இதற்குள்தானே கிடக்கிறது? ஒருக்கால் போட்டுக் காட்டு மகள்.”

போட்டுக் காட்ட வீட்டில் பிளேயர் இல்லை. என் மடிக்கணினியில் இறுவட்டு செருகும் இடமே இல்லை. அன்று மாலை தொடங்கிய வேலை முடிய நான்கு மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம் நானே செய்த பிழையைத் திருத்துவதில் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கூத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பிறகு, வெளிநாட்டில் இருந்த பலர் பல ஆண்டுகளுக்குப் பின் ஊருக்கு வந்தார்கள். கனடாவில் இருந்த பெரியப்பாவின் மகனும் வந்தார், கையில் ஒரு சிறிய கமராவோடு. அந்தக் கிழமைதான் எங்கள் ஊரில் வடமோடி என்ற வகை நாட்டுக்கூத்து அரங்கேறியது. அதில் அப்பாவுக்குத் தருமர் வேடம். இரவு முழுவதும் வட்டக்களரியை, அதாவது வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி நடந்து அண்ணன் படம் பிடித்தார். ஒரு பிரதி கசெட்டில் எங்களுக்கும் கிடைத்தது. 2004 டிசம்பர் 26இல் மட்டக்களப்புக் கல்லடியில் கடல் வீட்டுக்குள் வந்தபோது அந்தக் கசெட்டும் போனது, என் கலியாணக் கசெட்டும் போனது. 2006இல் அண்ணன் தன்னிடம் இருந்ததை நான்கு டிவிடிகளில் எழுதி அனுப்பினார். அப்பா 2011இல் காலமானார். ஆக, பேணியில் இருந்த 61இல் எனக்கு உயிரானவை நான்குதான்.

முதலில் சோம்பேறி வழியில்தான் போனேன். நகரத்தில் ஒரு கடையில் பத்து இறுவட்டுகளைக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து ஒரு பென்டிரைவ் கிடைத்தது. அப்பாவின் முகம் பூசணிக்காய் போல அகன்றிருந்தது. ஒவ்வொரு கோப்பும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பாட்டின் நடுவே அறுந்தது. மூலையில் கடையின் பெயர் வேறு, ஆட்டம் முடியும்வரை நின்று ஒளிர்ந்தது. கூத்து இறுவட்டுகளை நல்லவேளை அந்தப் பத்தில் ஒன்றுதான் கொடுத்திருந்தேன்.

இருபது நிமிடத்தில் ஏன் அறுகிறது என்று பிறகு விளங்கியது. டிவிடியைத் திறந்தால் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறைக்குள் விஓபி என்று முடியும் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. அதைத் தாண்டியதும் அடுத்த கோப்பில் தொடரும். எந்த வரிசையில், எந்த அத்தியாயம் எங்கே என்பதெல்லாம் கூடவே இருக்கும் ஐஎஃப்ஓ கோப்பில் எழுதியிருக்கும். கடைக்காரர் ஐஎஃப்ஓவைத் திரும்பிப் பார்க்காமல் விஓபிகளைத் தனித்தனியாக மாற்றியிருக்கிறார். தோசைச் சட்டியில் ஒரே மாவை நான்கு தோசையாக வார்த்த மாதிரி.

தம்பியின் மகன், பல்கலைக்கழகத்தில் படிக்கிற மருமகன், விடுமுறைக்கு வந்தான். யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக் கொடுத்தான். “மாமி, ஹேண்ட்பிரேக் என்று ஒரு மென்பொருள், இலவசம். இறுவட்டைப் போட்டு, இந்தப் பட்டியலில் ஒன்றைத் தெரிவுசெய்து, தொடங்கு என்று அழுத்தினால் போதும்” என்று காட்டிவிட்டுப் போனான். பட்டியலில் 576 வரி, 25 சட்டகம் என்று ஒன்று இருந்தது. சட்டகம் என்றால் ஓடும் படத்தின் ஒரு தனிப்படம். இலங்கை ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை உள்ள நாடு. நம் டிவிடிகள் எல்லாம் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 சட்டகம். அதையே எல்லாவற்றுக்கும் வைத்தேன். பள்ளிக்கூடம் முடிந்து வந்து, சமைத்துவிட்டு, இரவில் ஒன்று இரண்டாக, ஆறு கிழமையில் 22 இறுவட்டுகளை முடித்தேன். முடித்த இறுவட்டைத் தனிப் பேணியில் போட்டேன். பெருமைதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூத்தின் முதற்பகுதியைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். அப்பா களரிக்குள் வருகிறார், வரவுப் பாட்டு, மத்தளம் சரியாகக் கேட்கிறது. ஆனால் ஆட்டம் தட்டுத்தட்டி நகர்கிறது. சுழலும்போது ஒரு அடி காணாமல் போனதுபோல் உடல் குதிக்கிறது. கூத்தில் காலும் தாளமும் ஒன்று. கால் தப்பினால் பார்க்கிறவருக்கு உடனே தெரியும். அம்மா, “அப்பா இப்படி ஆட மாட்டார்” என்றார். அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் அண்ணனின் கமரா. அது கனடாக் கமரா, அங்கே தொலைக்காட்சி முறை வேறு, என்டிஎஸ்சி: 720க்கு 480, நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகம். நான் அதை 25க்குள் அடைத்தேன். ஆறு சட்டகத்தில் ஒன்றை மென்பொருள் எறிந்துவிட்டது. அத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கமரா ஒரு சட்டகத்தை ஒரே தடவையில் பிடிப்பதில்லை. ஒற்றை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டை வரிகளை நொடியில் அறுபதில் ஒரு பங்கு தள்ளியும் பிடிக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இது தெரியாது. இன்றைய திரையில், அசைகிற கையின் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். இரண்டு வரிக்கூட்டத்தையும் கலந்து ஒரு சட்டகமாக்கினால் சீப்பு போய்விடும். அசைவில் பாதியும் போய்விடும். பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் படமெடுத்திருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கூத்துக்கு அது ஆகாது. ஒவ்வொரு வரிக்கூட்டத்தையும் ஒரு முழுச் சட்டகமாக விரித்து நொடிக்கு 60 ஆக்கும் வழி அதே ஹேண்ட்பிரேக்கில் இருக்கிறது; ‘பொப்’ என்று பெயர். நம் ஊர் டிவிடிகளுக்கு அது 50. இதைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

சரி, திரும்பச் செய்யலாம் என்று முதலாம் கூத்து இறுவட்டைப் போட்டேன். ஓடியது. மூன்றாவதைப் போட்டேன். டிரைவ் கறகற என்று இரைந்தது, நின்றது, மீண்டும் இரைந்தது. ஒரு மாதத்துக்கு முன் வாசித்த இறுவட்டு இன்று வாசிக்கவில்லை. நான் கெடுக்கவில்லை, எழுதும் டிவிடிகளின் உள்ளே இருக்கும் சாயப் படலம் வெக்கையிலும் ஈரத்திலும் மெல்ல மங்குகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே, ஓட்டுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே பதினெட்டு ஆண்டு இருந்ததற்கு அது இத்தனை நாள் பேசியதே பெரிது. எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். முதல் தடவை வாசித்தபோது அதை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால், இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் பிழைவிட்டுத் திருத்தியிருக்கலாம். நானோ மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட்டேன்.

மருமகனுக்கு அழைத்தேன். “இனி ஒன்றையும் மாற்ற வேண்டாம் மாமி, பிரதி எடுப்பதோடு நில்லுங்கள்” என்றான். முழு இறுவட்டையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக, ஒரு எழுத்துப் பிசகாமல் கணினியில் எடுத்துக்கொள்வது அது. நல்ல இறுவட்டுக்குக் கால் மணி நேரம் போதும். வின்டோஸில் இம்ஜ்பேர்ன் போன்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். வீட்டில் எழுதும் சாதாரண ஒற்றைப் படல டிவிடி ஒன்று 4.7 ஜிபிக்கு மேல் இல்லை. என்னிடம் இருந்த 36 டிவிடிகளும் சேர்ந்து 150 ஜிபியைத் தாண்டவில்லை. இன்றைக்கு வன்தட்டில் அது ஒரு மூலை. இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் மூலத்தை இழப்பது கஞ்சத்தனம்கூட இல்லை, மடத்தனம்.

மூன்றாவது இறுவட்டுக்கு வேறு வைத்தியம் தேவைப்பட்டது. மருமகன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டான். அதில் டிடி ரெஸ்க்யூ என்று ஒரு கருவி. சாதாரண மென்பொருள் வாசிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, வாசிக்கக் கூடியதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். அதன்பின் விடுபட்ட இடங்களுக்குத் திரும்பிப் போய் மீண்டும் மீண்டும் முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற கணக்கை ஒரு சிறிய கோப்பில் எழுதிவைப்பதால், நடுவில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நின்றது, இரண்டு தடவை. முதல் இரவு முடிய 11 எம்பி மிச்சம். மறுநாள் கூடப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் பழைய மேசைக் கணினியில் அதே இறுவட்டையும் அதே கணக்குக் கோப்பையும் கொடுத்தேன். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். ஏன் என்று கேட்டால் ஒவ்வொன்றின் லேசர்க் கண்ணும் ஒவ்வொரு மாதிரி என்பதுதான் எனக்குத் தெரிந்த விடை. காலையில் 2 எம்பிக்கு இறங்கியிருந்தது. ஓட்டிப் பார்த்தால், மூன்று நான்கு இடங்களில் பச்சைக் கட்டங்கள் மின்னி மறைகின்றன. ஒன்று அப்பாவின் பாட்டுக்கு நடுவில். இருக்கட்டும்.

மற்றவற்றில் பெரிய சிரமம் இல்லை. ஒன்பது விசிடிகள் இருந்தன. அவற்றில் படமே 352க்கு 288தான், மாற்றுவதில் அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் டிஏடி கோப்பை அப்படியே எடுத்து வைத்தேன், விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் ஓடுகிறது. ஒரு விசிடியில் பெயர் எழுதிய மேற்பக்கம் செதில் செதிலாக உரிந்திருந்தது. அதற்கு வைத்தியமில்லை, ஏனென்றால் சீடியில் தரவுப் படலம் மேற்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. டிவிடியில் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருக்கிறது. கீறலுக்குப் பற்பசை தேய்க்கச் சொன்ன அயல்வீட்டு மாமியின் பேச்சை ஒரு தடவை கேட்டேன், அதுவும் வட்டமாகத் தேய்த்தேன். தரவு சுருள் வட்டமாகவே எழுதப்பட்டிருப்பதால் வட்டக் கீறல்தான் மோசமானது. துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், மெல்லிய துணியால்.

சினிமாப் படங்கள் 14ஐ ஒதுக்கிவிட்டேன். அவை நம்முடையவை அல்ல, வேறு எங்கும் கிடைக்கும். கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு டிவிடிகளைப் பற்றி ஒரு மனத்தாங்கல் உண்டு. படப்பிடிப்பாளர்கள் முழு நீளத்துக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு வீட்டுச் சத்தத்தை அழித்துவிட்டார்கள். தங்கையின் கலியாணத்தில் தாலி ஏறுகிறது, சுற்றி நிற்கும் பெண்களின் வாய் குரவைக்குக் குவிகிறது, கேட்பது வயலின். அண்ணனின் கத்தரிக்காத கூத்தில்தான் சின்னப் பிள்ளை அழுகிறது, யாரோ இருமுகிறார், கச்சான் விற்கிறவர் கூவுகிறார்.

கடைசியில் மாற்றும் வேலை. படத்தைச் சுருக்கும் முறை எச்.264, தர அளவு 19, எம்பி4 கோப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபி அளவில் வந்தது. டிவிடியின் ஏசி3 ஒலியை அப்படியே விட்டால் சில கைத்தொலைபேசிகளில் படம் மட்டும் ஓடும், சத்தம் வராது, ஏஏசிக்கு மாற்றினேன். டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல, அதனால் நீள அகலத்தைக் கையால் தொடாமல் மென்பொருளிடமே விட வேண்டும். பூசணிக்காய் முகம் அங்கேதான் உருவாகிறது.

தம்பியின் கமராவில் எழுதிய இரண்டு சின்ன இறுவட்டுகள் மட்டும் இன்னும் பேணிக்குள்ளேயே. எழுதி முடித்ததும் ‘இறுதிப்படுத்து’ என்று கமராவில் ஒரு தடவை அழுத்தியிருக்க வேண்டும், அழுத்தவில்லை. கணினி அவற்றை வெறும் தட்டு என்கிறது. கமரா யாரிடம் போனது என்று தம்பி யோசித்துக்கொண்டிருக்கிறான்.

ஐஎஸ்ஓக்கள் இரண்டு வன்தட்டில் இருக்கின்றன. ஒன்று கல்லடியில் என்னிடம். மற்றது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் போன தங்கை வீட்டில். ஏன் அங்கே என்று அவள் கேட்கவில்லை.

அம்மாவுக்குக் கூத்தைப் போட்டுக் காட்டியது ஆவணி மாதத்தில். அப்பா சுழன்று வருகிறார், கால் தப்பவில்லை. அம்மா அதைச் சிறிது நேரம்தான் பார்த்தார். பிறகு, “நிற்பாட்டு, அந்தப் பாயில் இருக்கிறது யார்?” என்றார். களரிக்கு வெளியே, வெளிச்சம் முடிகிற இடத்தில், பாயில் உட்கார்ந்திருந்த வரிசை. தயிர்க்காரப் பெரியம்மா. மேசன் மாமா. அவருடைய மடியில் நித்திரையாகிக் கிடக்கும் மூன்று வயதுப் பிள்ளை. அம்மா விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். பாயில் இருந்தவர்களில் ஏழு பேர் 2004ஐத் தாண்டவில்லை.

இப்போது ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம் ஓட்டுகிறோம். எந்த நிமிடத்தில் யார் என்று கொப்பியில் எழுதுகிறேன். நேற்று இரண்டாம் பகுதியில் 47ஆவது நிமிடத்தில் நின்றோம், விளக்குக்குப் பக்கத்தில் முதுகு காட்டி நிற்கும் ஒரு சிவப்புச் சேலை. அம்மாவுக்கு நடை தெரிகிறது, பெயர் வரவில்லை.