அப்பாவின் கையும் ஆட்டு இதயமும்: நான் அனட்டமி படித்த விதம்

நேர்ஸிங் முதல் வருடத்தில் எங்களை அதிகம் பயமுறுத்தியது உடலின் அமைப்பைச் சொல்லும் அனட்டமியும் அது இயங்கும் விதத்தைச் சொல்லும் பிசியோலொஜியும்தான். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து வந்தவர்கள்கூடத் திணறினார்கள். தலையணை அளவுப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள். விடுதியில் பலர் விடிய விடியச் சத்தம் போட்டுப் பாடமாக்கினார்கள். நான் பரீட்சைக்கு முன் கிடைத்த விடுமுறைக்குத் திருகோணமலைக்கு, உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தப் பாடம் எனக்குப் பிடிபட்டது அங்கேதான். வீட்டு ஆட்களின் கையையும் நெஞ்சையும் பிடித்துப் பார்த்துத்தான் படித்தேன். புதிதாக நேர்ஸிங் கிடைத்த தங்கச்சிமார் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்பதால் எழுதுகிறேன்.

எலும்புகளை விரைவாக முடித்துவிடலாம். வளர்ந்தவருக்கு 206, விலா 12 சோடி, கழுத்து முள்ளந்தண்டெலும்பு 7. பரீட்சைக்கு இது போதும். வார்டில் தேவைப்படுவது எந்த எலும்பைத் தொட்டு எந்த இடத்தைக் கண்டுபிடிப்பது என்பது. தொண்டைக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் மேல் விரலைக் கீழே இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இருப்பது 2ஆவது விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டு இறங்கினால், இடப்பக்கம் 5ஆவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே இதய நுனியின் துடிப்பு. தம்பி ஒல்லி, அவனுக்கு அது கண்ணுக்கே தெரிந்தது. சித்தப்பாவுக்கு ஸ்டெதஸ்கோப் வைக்க வேண்டியிருந்தது. அவர் பயந்துபோய் ‘ஏதும் வருத்தமோ பிள்ளை’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

குருதிச் சுற்றோட்டத்துக்கு அப்பாவின் கைதான் எனக்குப் பாடம். அப்பா கடல்தொழில். வலை இழுத்து இழுத்து முன்கையில் நாளங்கள், அதாவது குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், கயிறு போலப் புடைத்திருக்கும். 1628இல் வில்லியம் ஹார்வி தன் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனையை அதில் செய்து பார்த்தேன். மேல்கையில் ஒரு துணியைக் கட்டினால் நாளங்கள் நிறையும், இடைக்கிடை சின்ன முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சுகள்தான் வால்வுகள். நாளத்தின் ஓரிடத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் குருதியை இதயப் பக்கமாக அடுத்த வால்வு தாண்டும்வரை வழித்துவிட வேண்டும். மேல் விரலை எடுத்தாலும் இடையில் உள்ள பகுதி வெறுமையாகவே கிடக்கும். மேலிருந்து குருதி திரும்பி வராது. கீழ் விரலை எடுத்ததும் சடாரென்று நிறையும். ‘இன்னொருக்கா செய்’ என்று அப்பாவே கையை நீட்டினார்.

துணியை இறுக்கிக் கட்டினால் இன்னொன்றும் விளங்கும். அளவாகக் கட்டும்போது நாளம் அடைபடும், இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும், ஆழத்தில் இருக்கும் நாடி ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் கை வீங்கி நாளம் மேலே வருகிறது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் நாடியும் நின்று, மணிக்கட்டில் துடிப்பு இல்லாமல் போகும், நாளமும் நிறையாது. மருந்தும் சேலைனும் ஏற்ற நாளத்துக்குள் கனியூலா என்ற சின்னக் குழாயைப் போடும்போது ஊசியின் முனை ஏன் இதயத்தை நோக்கி இருக்க வேண்டும், முடிச்சு உள்ள இடத்தை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் பிறகு யாரிடமும் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதயத்துக்கு இறைச்சிக் கடைக்குப் போனேன். ஆட்டு இதயத்தை வெட்டாமல் முழுசாகத் தாருங்கள் என்றதும் கடைக்கார நானா ஒரு மாதிரிப் பார்த்தார். படிக்கத்தான் என்றதும், மேலே ஒட்டியிருந்த பெருநாடித் துண்டையும் விட்டுத் தந்தார். இடது இதயவறையின் சுவர் வலதை விட எவ்வளவு தடிப்பு என்பதைக் கத்தி வைக்கும்போதே கை சொல்லிவிடும். வலது அறை பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத்தான் தள்ளுகிறது. மனிதரில் சுருங்கும்போது அதன் அழுத்தம் சுமார் 25 மில்லிமீற்றர் பாதரசம், இடப்பக்கம் 120. உள்ளே வால்வின் இதழ்களைப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்களை விரலால் இழுத்துப் பார்க்கலாம். திறக்கும் முன் பெருநாடிக்குள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரைமதி வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கும். அந்த வால்வுக்குச் சற்று மேலேயே முடியுரு நாடிகளின் வாய்கள் தெரியும். மாரடைப்பில் அடைபடுவது அந்த நாடிகள்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. குசினிக்குள் கொண்டுவராதே என்று அம்மா சொன்னதால் எல்லாம் கிணற்றடியில்தான் நடந்தது.

சிறுநீரகம்தான் மிகக் கடினம் என்பார்கள். எனக்கு அதுதான் பிடித்த பாடமாகிவிட்டது. அங்கே குருதியிலிருந்து நிமிடத்துக்கு சுமார் 125 மில்லிலீற்றர், நாளொன்றுக்கு 180 லீற்றர் திரவம் வடிக்கப்படுகிறது. வெளியே போவது சுமார் 1.5 லீற்றர். மிச்சமெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரலுக்குப் பிறகுதான் வெயிலும் கொளுத்தும். விடியற்காலை போய் மத்தியானம் வரும் அப்பா, சலம் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்த முறைப்பாட்டை வைத்தே முழுப் பாதையையும் கொப்பியில் வரைந்தேன். வியர்வையில் நீர் போகிறது, குருதி செறிவாகிறது, மூளையில் உள்ள ஹைபோதலமஸ் அதை உணர்கிறது, அதன் கீழே உள்ள கபச்சுரப்பியின் பின்மடல், நீரை வீணாக்காதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஏ.டி.எச். ஹோர்மோனை விடுகிறது, சிறுநீரகத்தின் சேகரிக்கும் கான் நீரை உறிஞ்சிவிடுகிறது. தாகமும் அதே நேரத்தில்தான் வருகிறது. இப்போது வார்டில் வளர்ந்த நோயாளி ஒருவருக்குச் சிறுநீர் மணிக்கு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.5 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் உடனே சொல்லு என்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு அது 30 மில்லிலீற்றர். அந்த இலக்கத்தின் பின்னால் எனக்கு அந்தப் பாதை தெரிகிறது.

சுருக்கெழுத்து வசனங்கள் வைத்துப் பாடமாக்குவது எனக்கு அவ்வளவு உதவவில்லை. வசனம் ஞாபகம் இருக்கும், எழுத்து எதற்கு என்பது மறந்துபோகும். அதைவிட, ஒரு துளிக் குருதியைக் கால் பெருவிரலிலிருந்து நுரையீரல்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, வழியில் வரும் ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள். வாய்மொழிப் பரீட்சையில், மூச்சுக்குழாய்க்குள் போன பொருள் ஏன் பெரும்பாலும் வலது நுரையீரலுக்கே போகிறது என்று கேட்டார்கள். வலது கிளை அகலம், கட்டை, கூடுதலாக நேர்கீழாகப் போகிறது. இதே மாதிரிப் பாதை வரைந்து பழகியதால்தான் வாயில் வந்தது.

நரம்பு மண்டலத்துக்கு மட்டும் இப்படி முழுசாக ஒரு வழி கிடைக்கவில்லை. 12 சோடி மண்டையோட்டு நரம்புகளில் சிலவற்றைத் தம்பியில் பார்த்தேன். புருவத்தை உயர்த்து என்றால் 7ஆவது, தோளைக் குலுக்கு என்றால் 11ஆவது, நாக்கை நீட்டு என்றால் 12ஆவது. கடைசியைச் சொல்லாமலேயே செய்துகாட்டினான். மிச்சத்தை எல்லோரையும் போல எழுதி எழுதித்தான் மனதில் ஏற்றினேன்.