பழைய திங்க்பேடுக்கு டைப்-சி: 20 வோல்ட் மட்டும் போதாது

திங்க்பேட் டி440 வந்தது 2013இல். அதில் டைப்-சி கிடையாது, லெனோவோவின் செவ்வக முனை சார்ஜர்தான். அந்த ஜாக்கைக் கழற்றிவிட்டு டைப்-சி வைத்தாயிற்று, நன்றாகவே ஓடுகிறது. 20 வோல்ட் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் வோல்டேஜ் வாங்குவது சுலபம். எவ்வளவு இழுக்கலாம் என்று லேப்டாப்புக்குத் தெரிவிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். பவர் டெலிவரி முறைப்படி கேட்டால்தான் 9, 15, 20 என்று ஏறும். அப்படிக் கேட்க, ஐபி2721 சிப் வைத்த ஒரு ட்ரிக்கர் போர்டு. சிஎச்224கே சிப்பும் 20 வோல்ட் கேட்டு வாங்கும், ஆனால் ஐபி2721 ஒரு மாஸ்ஃபெட்டை, அதாவது மின் சுவிட்ச்சை, கதவு மாதிரி மூடிவைத்து, கேட்ட வோல்டேஜ் வந்த பிறகே திறக்கிறது, அதனால் லேப்டாப் பக்கம் 5 வோல்ட் எட்டிப்பார்ப்பதே இல்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. போர்டு வாங்கும்போது, சார்ஜருடன் பேசும் இரண்டு சிசி பின்களும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஒன்று மட்டும் என்றால் கேபிளைத் திருப்பிச் செருகும்போது சார்ஜ் ஏறாது.

சரி, எவ்வளவு இழுக்கலாம் என்று லேப்டாப்புக்குத் தெரிவிப்பது ஒரு ரெசிஸ்டர். செவ்வக முனையின் நடுப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ள அதன் மதிப்பைப் பார்த்துத்தான் லேப்டாப் சார்ஜரின் வாட்டை முடிவு செய்கிறது: 120 ஓம் என்றால் 45 வாட், 280 என்றால் 65, 550 என்றால் 90. நம்மிடம் 65 வாட் சார்ஜர் இருக்கிறதே என்று 280 வைக்கத் தோன்றும். ஆனால் 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் வேண்டும், எவ்வளவு தாங்கும் என்று சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் இல்லாத சாதாரண கேபிளில் 3 ஆம்பியர்தான் அனுமதி, அதாவது 60 வாட். லேப்டாப் அதற்கு மேல் இழுத்தால் சார்ஜர் சட்டென்று வெட்டிவிடும். அதனால் 120 ஓம் வைத்தேன். 2.25 ஆம்பியருக்குள் நிற்கும், எந்த கேபிளும் தாங்கும், 45 வாட் சார்ஜரும் போதும்.

திறக்கும் முன் பயாஸில் உள் பேட்டரியை முடக்கிவிட்டு வெளி பேட்டரியையும் கழற்றிவிடுங்கள், இதில் அவசரமே கூடாது. டி440இல் ஜாக் தனி கேபிளாக வருவதால் மதர்போர்டில் சால்டர் வைக்கத் தேவையில்லை. கேபிளின் கம்பிகளை நிறத்தை நம்பிப் பிரிக்காமல், மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்புறம் சால்டர், ஹீட் ஷ்ரிங்க், போர்டைச் சுற்றி வெப்பம் தாங்கும் கேப்டான் டேப், பழைய ஜாக் இருந்த இடத்தில் எப்பாக்ஸி. மதர்போர்டில் செருகும் முன் பிளஸ் மைனஸ் சரிபார்த்தபோது மீட்டரில் 20.1 நின்றது.

பேட்டரி காலியாக இருக்கும்போது சிபியுவை முழு லோடில் விட்டுப் பார்த்தேன்: 2 ஆம்பியரை ஒட்டியே நிற்கிறது, சார்ஜ் ஏறுவது மெதுவாகிறது, மாஸ்ஃபெட்டில் விரல் வைத்தால் இளஞ்சூடுதான். பேட்டரி சார்ஜ் செய்யும் பகுதியை நான் தொடவே இல்லை, தொடவும் கூடாது. செல்லின் வோல்டேஜ் வரம்பைத் தாண்டாமல் காப்பது மதர்போர்டின் சார்ஜர் சிப்பும் பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட்டும்தான். அந்தப் பக்கம் மாற்றியது மென்பொருளில் மட்டும்: லினக்ஸில் டிஎல்பி என்ற பவர் மேலாண்மை மென்பொருள் வழியாக, சார்ஜ் 75 சதவீதத்தில் தொடங்கி 80இல் நிற்கும்படி இரண்டு பேட்டரிக்கும் வைத்திருக்கிறேன்.