மூன்றாவது வார்ப்பில் கழன்ற அண்டார்டிகா

நான் செய்யும் அண்டார்டிகா மாதிரியில், ரெசினில் (ஊற்றினால் இறுகும் பிசின் திரவம்) வார்த்த பனி கடைசியில் அடித்தரையிலிருந்து தனியாகக் கழன்று வந்துவிட்டது! முதல் இரண்டு வார்ப்பும் தலா 1.4 லிட்டர் ரெசினோடு குப்பைக்குப் போயின.

அளவு 1:1 கோடி. உயரத்தை மட்டும் 50 மடங்கு கூட்டியிருக்கிறேன். கூட்டாவிட்டால் சராசரியாக 2 கி.மீ. கனமுள்ள பனி 0.2 மி.மீ.தான் வரும், இரண்டு தாள் கனம். பனிக்கு அடியில் இருக்கும் தரையின் உயரங்களைத் தரும் பெட்மேப்2 தரவை வைத்து 1 மி.மீ. அட்டைகளை அடுக்கி, படிகளைப் புட்டியால் நிரப்பித் தேய்த்து, மெழுகு பூசியதுதான் அடித்தரை.

வம்பே பனியில்தான். ரெசின் மட்டமாக நிற்கும். கிழக்கு அண்டார்டிகாவோ 4,000 மீட்டருக்கு மேல் ஏறும் குவிமாடம். அதனால் மேற்பரப்புக்கு சிலிகான் அச்சு எடுத்து, அதில் ரெசினை ஊற்றி, அடித்தரையைக் கவிழ்த்து அமுக்க வேண்டும். (முதலில் வாங்கிய சிலிகான் பழைய சரக்கு, மூன்று நாளாகியும் பிசுபிசுத்தது. தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்.)

முதல் முறை, சீக்கிரம் இறுகும் ரெசின் சூடேறி வெடித்தது. இரண்டாவது முறை காற்று. கவிழ்த்தால் பள்ளமெல்லாம் மேடாகிவிடும் அல்லவா? மேற்கு அண்டார்டிகாவில், கடல்மட்டத்துக்கு 2,500 மீட்டர் கீழே போகும் பென்ட்லி பள்ளத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குமிழி. பார்க்க, பனிக்கு அடியில் கிடக்கும் வோஸ்டாக் ஏரி மாதிரியே இருந்தது, ஆனால் அது கிழக்கில் அல்லவா இருக்க வேண்டும்!

இந்த முறை பள்ளத்தின் அடியில் 2 மி.மீ. துளை போட்டேன். அடித்தரையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாக இறக்கினேன். துளை வழியாகக் காற்று புஸ்ஸென்று போய், பின்னாலேயே ரெசின் எட்டிப் பார்த்தது. அது ஆணி மாதிரி இறுகிப் பிடித்துக்கொள்ளுமோ என்று இரவெல்லாம் பயம். காலையில் இழுத்ததும் மளுக்கென்று ஒடிந்தது. சின்னத் தழும்பு, அவ்வளவுதான்.

அடுத்தது டென்மன் பனியாற்றின் அடியில் உள்ள பள்ளம். 3,500 மீட்டர் ஆழம் என்று பெட்மேப்2-க்குப் பின் 2019-இல் வந்த பெட்மெஷின் என்ற அடித்தரை வரைபடம் காட்டியது; என் அடித்தரையில் அது இல்லை. ராஸ் பனித்தட்டு கடலில் மிதப்பதால், அதைத் தனித் துண்டாக 1.5 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டும் யோசனையும் இருக்கிறது.

அதற்கு முன் சிகரங்களின் மேல் படிந்த ரெசின் தோலைச் சுரண்டியாக வேண்டும். டிரான்ஸ் அண்டார்டிக் மலைத்தொடர் மட்டுமே 35 செ.மீ. இதுவரை கண்டத்திலேயே உயரமான வின்சன் சிகரம் மட்டும் முடிந்திருக்கிறது, அதுவும் மூக்கு உடைந்து.