பாம்பன் தீவின் இரு கடல்கள்
பாம்பன் தீவில் ஒரே நாளில் இரு வேறு கடல்களைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் சீறிக்கொண்டிருக்க, பாக் விரிகுடாவாகிய வடகடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் இந்நிலை தலைகீழாகும். பாம்பன் கால்வாயின் நீரோட்டமும் பருவத்தோடு திசை மாறுகிறது. கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றத்தின் வேறுபாடு அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆயினும் பாறைகள் நிறைந்த ஆழமற்ற நீரில் ஓரடி வற்றினாலே படகு தரைதட்டும் என்பதால், அதைச் சிறிதென எண்ணுவது பிழை. என்னை மிகவும் அஞ்ச வைப்பது கள்ளக்கடல்தான்: இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த புயலின் நெட்டலைகள், இங்கே காற்று அடங்கிய நாளிலும் தென்கரையில் ஏறிவிடக்கூடும். வானம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பி நான் படகுக் கயிற்றை அவிழ்ப்பதில்லை.